மூன்று புளியங்கொட்டைகள்

காலை ஐந்து நாற்பது. முதலில் என் கண்ணில் பட்டது ஊசி இல்லை, அப்பாவின் வயிறு. பட்டாசு மருந்தின் அலுமினியத் தூள் ஏறிக் கைகளும் கழுத்தும் சாம்பல் பூத்திருக்க, வயிறு மட்டும் வேறு யாருடையதோ போலச் சுத்தமாக இருந்தது. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவளால் ஊசியைப் பார்க்க முடியாது. அப்பாவுக்கோ ஊசிக்குழலின் பொடிக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இன்சுலினை அளக்கும் பொறுப்பு, நான்காம் வகுப்பு படித்த என்னிடம் வந்து சேர்ந்தது.

"பாத்துச் சொல்லு தாயி. பதினாறு வந்துருச்சா?"

"வந்துருச்சு. குத்துங்க."

குத்திக்கொண்டார். பத்து எண்ணினேன். ஊசியை எடுத்தார். அம்மா திரும்பி இட்லித் தட்டை வைத்தாள். ஆறேகாலுக்கு நாரணாபுரம் பக்கத்துக் கம்பெனிக்குப் போகும் வேன் வந்துவிடும்.

அதற்கு மூன்று வாரம் முன்பு அப்பா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்தார். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது மாத்திரைக்கு அடங்காது, காலையும் இரவும் ஊசிதான் என்றார்கள். மருந்துக் குப்பியை ஒரு டப்பாவில் போட்டு, மண்பானைக்கு அடியில் ஈரமணலில் வைத்தோம். இனிப்பு ஆகாது என்று அம்மா வீட்டில் அறிவித்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைக் காக்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

எப்படிக் காப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பட்டாசுக் கம்பெனி வாசலில் தினமும் நடப்பதுதான். உள்ளே போகிறவர்களைத் தடவிப் பார்ப்பார்கள். தீப்பெட்டி, செல்போன், இரும்பு எதுவும் இருக்கக்கூடாது. நைலான் துணி கூடாது. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போல எனக்கு இந்த விதிகள் தலைகீழ்ப் பாடம். சாயங்காலம் அப்பா வேனை விட்டு இறங்கியதும் கதவில் குறுக்கே நிற்பேன். அவர் இரண்டு கையையும் தூக்குவார். சட்டைப் பை, வேட்டி மடிப்பு எல்லாம் தடவி, "போகலாம்" என்பேன்.

அதே கம்பெனியில் வேலை பார்த்த சித்தி, அம்மாவின் தங்கை, இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

"எங்க கேட்டுல கூட இம்புட்டுக் கெடுபிடி கெடையாது மச்சான். ஏத்தா, நல்லாத் தடவு. சீனிக்காரவுக கள்ளத்தனம் பண்ணுவாக."

சித்தி சொன்னது சரியாகப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை அப்பா குளிக்கப் போனபோது கொடியில் கிடந்த சட்டையை எடுத்தேன். உள்பக்கம் புதிதாக ஒரு பை தைத்திருந்தது, அவரே தைத்த கோணல் தையல். அதற்குள் பழைய வேட்டிக் கிழிசலில் கட்டிய சின்ன முடிச்சு. அவிழ்த்தால் மூன்று துண்டு கருப்பட்டி.

நான் அழவில்லை, அம்மாவிடம் சொல்லவும் இல்லை. கருப்பட்டியில் இரண்டைத் தின்றேன். ஒன்றை எறும்புக்குப் போட்டேன். முடிச்சு காலியாக இருந்தால் தெரிந்துவிடும். கல் வைத்தால் கேட்டில் பிடித்துவிடுவார்கள்; கல்லில் தீப்பொறி வரும் என்பது எனக்குத் தெரியும். யோசித்து மூன்று புளியங்கொட்டைகளை வைத்து, அதே மாதிரி இறுக்கிக் கட்டினேன். இவ்வளவு கச்சிதமாக ஒரு காரியத்தை அதுவரை நான் செய்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கியதால் லோடு ஏற்ற லாரிகள் ஊர் எல்லை வரை நின்றன. அப்படிப்பட்ட நாளில் பதினொன்றரைக்கெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்தார். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கூடவே சித்தி.

அம்மா பதறினாள். "என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கை நடுங்குச்சு. எந்திரிச்சு வெளிய வந்து வேப்பமரத்தடில உக்காந்துட்டேன். வாட்ச்மேன் அவருக்கு வச்சிருந்த டீயக் குடுத்தாரு. இப்பச் சரியாயிருச்சு."

பிறகு என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தார். மூன்று புளியங்கொட்டைகள்.

"இது யாரு பாத்த வேல?"

"நான்தான். நீங்க கள்ளத்தனமாத் திங்கிறீக. ஒங்களுக்கு ஆகாதுல்ல?"

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசி போட்ட பின் சீனி மளமளவென்று இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். உடனே இனிப்பை வாயில் போட வேண்டும் என்று நர்ஸ் அவரிடம் சொல்லியிருந்தாராம். மிட்டாய் என்றால் சரசரக்கும் பளபளப்புத் தாள். அது கம்பெனிக்கு ஆகாது. அதனால் பருத்தித் துணியில் கருப்பட்டி.

"அத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் அம்மா.

"சொன்னா நீ வேலைக்கு விடுவியா?"



திங்கட்கிழமை அப்பா போர்மேனிடம் உள்ளதைச் சொல்லி, பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் வேலையிலிருந்து பாக்கிங்குக்கு மாறிக்கொண்டார். அன்று காலை கதவருகே எனக்குப் புது உத்தரவு கொடுத்தார்.

"இனிமே சோதனை காலையில. மூணு துண்டு இருக்கான்னு பாக்கணும். இல்லன்னா என்னைய வெளிய விடக்கூடாது."

அதை நான் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கும் உயர்வுதான் என்று வகுப்பில் சொல்லி வைத்தேன். பாக்கிங் என்றால் வண்ணப் பெட்டிகள், கையில் சாம்பல் ஏறாது. பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அந்தச் சோதனையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அப்பாவும் ஒரு நாளும் முடிச்சு இல்லாமல் போனதில்லை. இன்றும் அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், கண்ணாடி மாட்டிக்கொண்டு கோட்டை அவரே பார்க்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அந்தச் சனிக்கிழமை சித்தி ஒரு கேலிகூடப் பேசவில்லை. கொல்லையில் உட்கார்ந்து, சோப்பு கரையும்வரை கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அரைநாள் கூலி போன கோபம் என்று நினைத்துத் திமிறி ஓடினேன்.

பதினோராம் அறையில் அன்று நான்கு பேர், உரசினாலே தீப்பற்றும் மருந்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கை நடுங்கியபோது அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது சித்தி.