வாளியில் முடிந்த வினை

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, காலை பத்து நாற்பதுக்கு அந்த மூடி பறந்தது.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு வருஷா வருஷம் சுண்ணாம்புதான். பெயிண்ட் வாளியில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில் நின்றாள். கல்லூரியில் வேதியியல் படித்த எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“இது என்ன வினை, சொல்லு?”

“ரெண்டும் ஒண்ணாகுது, சேர்க்கை வினை. சூடு வெளிய வருது, வெப்ப உமிழ் வினை. லீவுலயுமாம்மா?”

நான் பிரஷ் எடுக்க உள்ளே போனேன். வாளி கொதிப்பதைப் பார்த்த மதினி, என் கணவரின் அக்கா, பூனை விழுந்துவிடக் கூடாதென்று மூடியை இறுக அழுத்திவிட்டார். ஆவிக்கு வழியில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்தபோது மகள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினாள். கன்னமெல்லாம் வெள்ளை.

குழாயடியில் அவளைச் சாய்த்து, இமையோரத்துப் பொடியைத் துணி நுனியால் எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மதினி என் கையைப் பிடித்தார்.

“தண்ணி பட்டுத்தானே அம்புட்டு கொதிச்சுச்சு! கண்ணுக்குள்ள மறுபடியும் ஊத்துறியே, பிள்ளையை அவிச்சிருவ போல. விளக்கெண்ணெய் எங்க?”

“கொதிக்கவேண்டியது வாளியிலயே கொதிச்சு முடிஞ்சிருச்சு மதினி. கையை விடுங்க.”

அப்படிச் சொன்னேனே தவிர, முழுக்க முடிந்ததா என்று யாருக்குத் தெரியும்? சமன்பாட்டில் அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் வினைபடுபொருளாகக் கால்சியம் ஆக்சைடும் நீரும், அந்தப் பக்கம் விளைபொருளாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு. தாளில் ஒரே வரி. வாளியில் நீறாத துணுக்குகள் மிச்சமிருக்கும். அவற்றில் கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால்தான் ஆபத்து. நிறையத் தண்ணீர் துணுக்கையும் சூட்டையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போகும். காரத்தைக் கண்ணில் நிற்கவிட்டால் அரித்துக்கொண்டே உள்ளே இறங்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிறுத்தாமல் ஊற்றினேன்.

ஆட்டோவிலும் பாட்டில் பாட்டிலாக ஊற்றியபடியே போனோம். சீட்டெல்லாம் நனைந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

“இது காரம்தானே? எலுமிச்சைச் சாறு விட்டா நடுநிலையாக்கல் ஆயிடாதா?”

“அதுலயும் சூடு வரும்டி. கண்ணை மூடாத.”

“பரிட்சைக்கு இது வரும்ல?”

அடுத்த பாட்டிலைத் திறந்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உடனே சொட்டு மருந்து விட்டு, குழாய் வைத்துக் கழுவத் தொடங்கினார். மதினி சுவரோரம் நின்று விசும்பினார். இவர் நாளைக்கு என் முகத்தில் எப்படி விழிப்பார் என்று நினைத்தேன். அந்தக் கண் பிழைத்தால் போதும், அதன்பிறகு மற்றதெல்லாம்.

கடைசியில் டாக்டர் வந்தார், என் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். காரம் மிச்சமிருக்கிறதா என்று கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டை வைத்து எடுத்து நிறம் பார்த்தார். விளக்கடியில் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“கருவிழி தப்பிச்சிருச்சும்மா, வந்த வழியெல்லாம் ஊத்திட்டே வந்தது நல்லதாப் போச்சு. மேல் இமைக்குள்ள ஒரு துணுக்கு ஒட்டியிருக்கு, அதை இப்ப எடுத்துர்றேன். நீங்க அந்தப் பாட்டிலை வச்சிட்டு வெளிய உக்காருங்க.”