அம்மா பாடிய கடைசிப் பெருநாள்

எங்கள் மாமா நல்ல பாட்டுக்காரர் என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன். கெட்டிக்காரர் என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் இசைக்குழுவில் கீபோர்ட் அவர்தான். அப்பா ஒக்டபேட் என்ற மின்மேளம் அடிப்பார். கிற்றாருக்கும் தபேலாவுக்கும் ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். பாடுவது அம்மாவும் மாமாவும். நறுவிலிக்குளத்தில் வயல் வேலை ஓய்ந்தால் எல்லோரும் ஒரே லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏறி, கலியாண வீடு, கோயில் பெருநாள் என்று போவோம். இந்திய முகாமிலிருந்து திரும்பி வந்த எங்களை ஊர் முதலில் 'அகதி ஆக்கள்' என்றுதான் சொன்னது. அம்மா மேடையேறிய பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. கடைக்குப் போனால் 'பாட்டுக்கார அக்கா, வாங்கோ' என்பார்கள். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்! சைவக்காரியான அம்மா மாதா பாட்டுப் பாடினால் வங்காலைக் கத்தோலிக்கச் சனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

ஒருநாள் மாமா லப்டொப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இனி ஒவ்வொருத்தரா வந்து தனியப் பதிஞ்சு தாங்கோ. அப்பதான் ஆர் எங்க பிழை விடுறியள் எண்டு விளங்கும்."

ஒருவரும் மறுக்கவில்லை. சொந்தத் தம்பி கேட்டால் யார் மறுப்பது? கதவில் மெத்தையைச் சாத்தி, ஃபானை நிறுத்தி, அம்மாவை வேர்க்க விறுவிறுக்கப் பாடவைத்தார். கோழி கத்தாமல் பார்ப்பது என் பொறுப்பு. பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரித் தடியும் கையுமாக முற்றத்தில் நின்றேன்.

அந்த வருடம் வங்காலைப் பெருநாளுக்குக் குழுவைக் கூப்பிடவில்லை என்றார் மாமா.

"என்னை மட்டும்தான் கேட்டவங்கள் அக்கா. இப்ப எல்லா இடமும் தனி ஆள்தான்."

அம்மா மேடைச் சேலையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். எங்களோடு வந்து, சனத்தோடு சனமாகப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

மேடையில் மாமாவும் லப்டொப்பும் மட்டும்தான். முதல் அடியை மாமா பாடினார். அடுத்த அடிக்கு ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பின்னால் அப்பாவின் அடி, கிற்றார், தபேலா, ஒன்றும் குறையவில்லை. ஆட்களைத்தான் காணவில்லை.

நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன்.

"எங்கட அம்மா பாடுறா! எங்கட அம்மா!"

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் வாய் மூடியிருந்தது.

"சும்மா இரு பிள்ளை, அது கொம்பியூட்டர்" என்றார் ஒரு பெண்.

அப்பா பல்லைக் கடித்தார். "கூட இருந்தே குழி பறிச்சுப்போட்டான். எழும்பு, போவம்."

"இருங்கோப்பா. பாட்டு முடியட்டும்" என்றார் அம்மா. மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் மாமா இறங்கி வந்தார். என் கையில் தின்ன ஒரு ரோல்ஸைத் திணித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பாராமலே கேட்டார். "எப்பிடி அக்கா?"

அம்மா ஏசப்போகிறார் என்றுதான் அப்பாவும் எதிர்பார்த்திருப்பார். அம்மாவோ கடன் கேட்கிறவளைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கடைசி அடியில சுருதி கொஞ்சம் இறங்கிப்போச்சு தம்பி. நாளைக்கு வாறன். திரும்பப் பாடித் தாறன்."

"தேவையில்லை அக்கா. அதைக் கொம்பியூட்டரிலயே சரிப்படுத்தலாம்."

அம்மா "ஓம்" என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் பாடவில்லை, வீட்டில்கூட. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே விளங்கியது? அக்காவை அலைக்கழிக்க மனமில்லாத நல்ல மாமா என்று நினைத்துக்கொண்டு ரோல்ஸைக் கடித்தேன்.