மாமா வைத்த விசிறிப் பனை

மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடியைத் தாண்டி நிற்கிற பனையை என் ஏழாவது வயதில் அம்மாவின் தம்பி நட்டார். நம்மூர்ப் பனை இல்லை. மாமாவுக்கு நர்சரியில் வேலை. ரிசார்ட், கல்யாண மண்டபம் என்று வாசலுக்கு அழகாக மரம் வைத்துக் கொடுப்பார். இது வெளிநாட்டு விசிறிப் பனையாம். எந்த வெயிலையும் தாங்குமாம், கிடுகிடுவென்று வளருமாம். எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில்தான் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“நுங்கு காய்க்குமாடா?” என்றாள் அம்மா.

“காய்க்காதுக்கா. இது ஷோவுக்கு.”

“நெழலும் இல்ல, நுங்கும் இல்ல. சும்மாவா சொன்னாங்க, தென்னைய வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனைய வெச்சவன் பாத்துட்டுச் சாவான்னு!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனை காய்க்க வெகுகாலம் ஆகும், நட்டவனுக்குப் பார்க்கத்தான் கொடுத்துவைத்திருக்கும் என்பது பழமொழி. எனக்கு விளங்கியதோ, நட்டவன் மரத்தைப் பார்த்தால் செத்துப்போவான் என்று! மாமாவோ தினமும் சாயங்காலம் கன்றைப் பார்க்க வந்துவிடுவார். என்னை வண்டியில் முன்னால் உட்காரவைத்து பீச்சுக்குக் கூட்டிப்போகிற ஒரே ஆள் அவர்தான். விட்டுவிட முடியுமா?

அம்மாவின் பழைய புடவையால் கன்றை மூடிக் கட்டினேன். மட்டையில் இருந்த முள் கையைக் கீறிவிட்டது. மாமா வந்து பார்த்தார்.

“யாரு வேல இது?”

“வெயிலு ஜாஸ்தி மாமா” என்று புளுகினேன்.

“அதுக்கு வெயில்தான்டி சோறு” என்றார். ஆனால் அவிழ்க்கவில்லை. கேட்டில் சாய்ந்துகொண்டு அரைமணி நேரம் நின்றார். மறுநாளும் அப்படியே. மூடிக்கிடக்கிற கன்றில் இந்த மனுஷன் எதைத்தான் பார்க்கிறார்? அவர் முகம் இருந்த திசையில் நானும் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் டீச்சருக்குப் படிக்கிற அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றுமில்லை.

தை மாதம் அந்த அக்கா கல்யாணமாகிச் சிதம்பரம் போய்விட்டாள். கல்யாணச் சாப்பாட்டில் நான் அப்பளத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றேன். மாமா வரவில்லை. அதற்கப்புறம் கன்றைப் பார்க்கவும் வரவில்லை.

“மரத்த வெச்சிட்டு எங்க போய்த் தொலைஞ்சான் இவன்?” என்று அம்மா திட்டினாள். நான் புடவையை அவிழ்த்து, வெளுத்துப்போயிருந்த குருத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மாமா இனிமேல் பார்க்க மாட்டார், சாகவும் மாட்டார். எப்படியோ அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.