ஆம்பூர்ச் சந்திகளை இரண்டாகப் பிரித்த ஏட்டையா

ஏட்டு தேவசகாயம் இன்று காலை காலமானார்.

செய்தி வந்தபோது யாருக்கோ ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தேன். மீதியையும் எழுதி முடித்தேன்... கையெழுத்துக்கூடப் பிசகவில்லை.

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். ஆம்பூரில் அவரை அறியாதார் சிலரே. அவர் செய்த காரியத்தை அறிந்தாரும் சிலரே.

கடைவீதியில் சந்திக்குச் சந்தி ஒரு கான்ஸ்டபிள் தன் மனம்போலக் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ரயிலடியிலிருந்து பச்சைத்தோல் ஏற்றிவரும் மாட்டுவண்டி ஆறு சந்திகளில் ஆறு முறை நின்றது. நின்ற இடமெல்லாம் நாற்றம், சண்டை.

ஏட்டையா அச்சந்திகளை இரண்டு பகுதிகளாகப் பிரிக்க எண்ணினார். ஒரு பகுதியின் முதல் சந்தியில் விசில் ஊதினால், அப்பகுதியின் மற்றச் சந்திகளிலும் உடனே வழி விடவேண்டும். உள்ளே நுழைந்த வண்டி நில்லாமல் போய்விடும்... இரு பகுதிகளின் எல்லையில் மட்டும் அடுத்த விசிலுக்காகக் காத்திருக்கும்.

போலீஸ் துரைக்கு அனுப்ப ஒரு வரைபடம் வேண்டுமென்று என்னிடம் வந்தார். பள்ளி வாயிலை மிதியாமல் தானே எழுத்துக் கற்றவள் நான்; என் கோடு நேராக வரும்.

"இன்னா பண்டிதரம்மா, நான் போட்ட கோடு பாம்பு மாதிரி நெளியுது. நீயே போட்டுக் குடு."

அவர் காட்டிய எல்லை எங்கள் தெருமுனை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"எங்கள் வாயிலில் தோல்வண்டிகள் காத்துக்கிடக்கலாகாது, ஏட்டையா."

"எங்கியாவது நிக்கணுமேம்மா. ஆகாசத்துலயா நிக்கும்?"

நான் இசையவில்லை. வெகுநேரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பிறகு விரலை ஒரு சந்தி தள்ளி வைத்து, "செரி, இங்க போடு" என்றார்.

அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கோடு அழகாக வந்தது.

திட்டம் நடப்புக்கு வந்து சில மாதங்கள் கழித்து, வரைபடத்தின் நகல் ஒன்றைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலை அடைத்துக்கொண்டு ஏழெட்டுத் தோல்வண்டிகள்.

அவர் மனைவியார் ரோஸம்மாள் மோர் கொடுத்தார். "மூக்க புடிச்சிக்கினு குடிம்மா. ஊருக்கெல்லாம் வழி வுட்டாரு மனுசன், எங்க ஊட்டு வாசல்ல நிறுத்திட்டாரு. கேட்டா, பிளான் அப்டி வந்துச்சின்றாரு!"

உள்ளேயிருந்து ஏட்டையாவின் குரல். "ஜாஸ்தி பேசாத. பண்டிதரம்மாவுக்கு இன்னொரு தம்ளர் குடு."

குடித்தேன். கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்றும் சொல்லவில்லை... ரோஸம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும்.

அந்தக் கோடு என் பிடிவாதத்தால் அங்கே போயிற்று. ரோஸம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. யாரேனும் இதைப் படித்துக் காட்டுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

அடக்கம் முடியும்வரை ஏட்டையாவின் வாசலில் வண்டி நிற்க வேண்டாமென்று கான்ஸ்டபிள்கள் முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் தெருமுனையில் நிறுத்துகிறார்கள்.

இதை எழுதும்போதும் நிற்கின்றன. சன்னலை நான் சாத்தவில்லை.

போய் வாருங்கள், ஏட்டையா.