மூன்று கீற்றுள்ள மூடி

சிறுவயதில் தன் அப்பாவின் மடியிலிருந்து ஓட்டிய தோட்டத்து ட்ராக்டரின் பெயர் என் கணவருக்குத் தெரியாது. அதன் பச்சை எஞ்சின் மூடியில் மூன்று கீற்றுத் துளைகள் இருந்தது மட்டுமே நினைவு. அதை வைத்தே இரண்டு வருடம் தேடி, அதே ரகத்தை வாங்கி, குவேக்கர்ஸ் ஹில் புறநகரிலுள்ள எங்கள் வீட்டில் கழற்றித் திருத்திக்கொண்டிருந்தார்.

மகள் தவழத் தொடங்கியிருந்தாள். கழற்றி வைத்திருந்த துருப்பிடித்த மூடி அவளை வெட்டிவிடும் என்று பயந்து, கவுன்சில், அதாவது நகரசபை, வீட்டு வாசல்களிலிருந்து பழைய சாமான் எடுக்கும் வாரத்தில் அதை வாசலில் வைத்தேன்.

"மூடி எங்கை?" என்றார் அவர்.

"பழசெண்டு வெளியில வைச்சனான். ஆரோ ஏத்திக்கொண்டு போட்டினம்."

"அதை வைச்சுத்தானப்பா நான் இதைக் கண்டுபிடிச்சனான்."

அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

வேறு மூடி கிடைக்கவேயில்லை. இப்போது மகள் அவர் மடியிலிருந்து ஓட்டுகிறாள். அவள் நினைவில் அது என்றைக்கும் மூடியில்லாத ட்ராக்டராகவே இருக்கும்.