மீன் கூடையில் வந்த மண்

மண் பரிசோதனைக் கூடத்தின் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குச் சட்டைப் பையிலும் மண், சாப்பாட்டு டப்பாவிலும் மண். கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

தலை வாரிய மண்

வயலில் நாலைந்து இடத்தில் தோண்டி, கலந்து எடுத்து வாருங்கள் என்றுதான் சொல்லி அனுப்புவோம். திருப்போரூர் பக்கத்து விவசாயி ஒருவர், களர் நிலம் என்று புலம்பிவிட்டு, எருக்குழி ஓரத்து வளமான மண்ணைச் சலித்து, கிண்டியில் இருக்கும் எங்கள் கூடம்வரை சுமந்து வந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"பரீட்சைக்குப் போற புள்ளைய தலை வாரித்தானே சார் அனுப்புவோம்?"

கூடை

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் லூர்து அக்கா மீன் கூடையிலேயே மண் கொண்டுவந்தார். கோவளம் பக்கம் அம்மா விட்டுப்போன நிலம், உப்புப் பூத்துக் கிடந்தது. பிளாட் போடுகிறவரிடம் தள்ளிவிட அண்ணன் துடித்தார். ஒரு போகம் நெல் விளைந்தால் விற்பதில்லை, விளையாவிட்டால் அக்கா கையெழுத்துப் போட வேண்டும் என்று பேச்சு. கூடை உப்பும் மண்ணில் ஏறியிருக்கும், துணிப்பையில் கொண்டுவாருங்கள் என்றேன்.

"கடலாண்ட கெடந்த மண்ணு. மீனு கூடைக்கு இன்னா பயப்படப் போவுது?"

பூத்த பயிர்

துணிப்பை மண்ணும் மோசம்தான். ஜிப்சம் போட்டு, மழைநீரைத் தேக்கி வடியவிட்டு, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுங்கள் என்றோம். மற்றதெல்லாம் செய்வார்கள். பச்சைப் பயிர்மேல் டிராக்டர் ஏற்ற மட்டும் யாருக்கும் மனசு வராது.

பூ விட்டதும் அக்கா போன் செய்தார். ஒன்றுமே முளைக்காத இடத்தில் இடுப்பளவு பச்சையாம், அண்ணனே தினம் வந்து பார்த்துவிட்டுப் போகிறாராம். இப்போதே உழாவிட்டால் தண்டு முற்றிவிடும், மண்ணில் மக்காது என்று சொல்லும்போது எனக்கே குரல் இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் அக்கா டிரைவரைக் கூப்பிட்டார். பிறகு டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஓட்ட சொல்ட்டேன் நைனா. நான் அந்தாண்ட திரும்பி நின்னுக்கினு கீறேன்."

மறுபடியும் துணிப்பை

அறுவடை முடிந்து வந்தார். விளைச்சல் சுமார்தான், ஆனால் நெல். பிளாட்காரரை அண்ணனே திருப்பி அனுப்பிவிட்டாராம். அடுத்த போகத்துக்குப் பரிசோதிக்க வேண்டும் என்று பையைக் கவிழ்த்தார். ஈர மண்ணோடு ஒரு மண்புழு விழுந்து, நெளிந்து, மேஜைமேல் நகர்ந்தது. உப்புப் பூத்துக் கிடந்த அந்த மண்ணிலிருந்தா என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"டெஸ்ட்டு அப்பால பண்ணு நைனா. மொதல்ல இவனுக்கு வழி வுடு."

இத்தனை வருஷத்தில் டோக்கன் வாங்காமல் என் கவுண்டரைத் தாண்டி உள்ளே போன ஒரே ஆள் அந்த மண்புழுதான், வரிசையில் நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.