பந்துக்கு நேரே நின்ற சாகுல்

வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர்தான் சொன்னார். "சார், தோல் ஷாப்பு சாகுல் போயிட்டாரு, தெரியுமா? நேத்து மத்தியானமே அடக்கம் பண்ணிட்டாங்க." திண்டுக்கல்லில் இறங்கிப் பேகம்பூருக்கு நடந்தேன். வீட்டு வாசலில் போட்டிருந்த பெஞ்சுகளைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். நாற்பத்தொரு வயது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதாம்.

நம் டவுன் கிரிக்கெட் குழுவில் ஆடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடக்கத்துக்கு உங்களில் நிறையப் பேர் போனதாகக் கேள்விப்பட்டேன். அவன் ஆடும்போது சிரித்தவர்களும் நீங்கள்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முதன்முதலாக அப்படி நின்றான். நாமெல்லாம் இடது தோளைப் பந்து வீசுபவனுக்குக் காட்டி நிற்போம். சாகுல் இரண்டு பாதங்களையும் முன்னால் திருப்பி, நெஞ்சை நேராகக் காட்டி, மட்டையை வலது இடுப்போரம் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏலே, தண்ணி எறைக்கவா நிக்கிற? வாளி எங்க?" என்று மரத்தடியிலிருந்து கத்தினார் நம் குழுச் செயலாளர்.

"பந்து நேராத்தான வருது. நானும் நேரா நிக்கிறேன். ஒங்களுக்கு எங்க வலிக்குது?" என்றான் சாகுல்.

அன்று ஆறாவது பந்தில் அவுட். அடுத்தடுத்த ஞாயிறுகளில் பாதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வைத்துப் பார்த்தான். முழங்காலில் அடிபட்டு நொண்டினான். மூன்று மாதம் கழித்து, லெக் பக்கம் அவனைப்போல் அடிக்க நம்மிடம் ஆளில்லை.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோலைப் புரட்டும் கழி நழுவி அடித்ததில் அவனுக்கு இடது கண்ணில் பார்வை போயிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நின்றால் வலது கண்ணை மூக்கு மறைக்கும். "வெளிய சொல்லிராத மாப்ள. ஒத்தக்கண்ணனுக்கு எவன் வேல குடுப்பான்?" என்று கேட்டிருந்தான்.

மதுரைப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி ஆட்டக்காரர்களைத் தேடி வந்தார். மில் அணியில் எடுத்தால் அங்கேயே கிடங்கில் உத்தியோகம். குழியில் இறங்க வேண்டாம். சாகுலுக்கு அப்போதே இருமல் தொடங்கியிருந்தது. அன்று அவன் ஐம்பது ஓட்டங்களைத் தாண்டினான்.

டீ வேளையில் அதிகாரியின் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். "ஆள் கெட்டிதான். ஆனா ஏன் சர்க்கஸ்காரன் மாதிரி நிக்கிறான்?" என்று சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. விளக்கிச் சொல்லி அவரைத் தலைகுனிய வைக்க நினைத்தேன். "எடது கண்ணு தெரியாம இம்புட்டு அடிக்கிறான் சார். ரெண்டு கண்ணு உள்ளவன் எவனாவது அடிக்கட்டும், பாப்போம்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படியா... மெஷின் ஓடுற எடமாச்சே. வேலைக்குத் தகுதின்னு டாக்டர் எழுதித் தர மாட்டாரே." வேறு இருவரின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

மாலையில் சாகுலிடம் நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்து கால் பேடுகளின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். "பெருமையாத்தான சொல்லிருக்க. விடு மாப்ள" என்றான்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும்போலத் தோளைக் காட்டி நின்றான். "இனிமே யாரும் காரணம் கேக்க மாட்டாங்கல்ல?" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். முதல் பந்திலேயே குச்சி பறந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிறகு அவன் வரவில்லை. சாகும்வரை அதே குழி.

கண் விஷயம் ஊரில் பரவியபோது, அதிகாரியிடம் போட்டுக்கொடுத்தது செயலாளர்தான் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. என்னைக் கேப்டன் பதவியிலிருந்து இறக்கியவர் அவர். ஏச்சு அவருக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கோபம் இன்றும் எனக்குக் குறையவில்லை. ஆனால் இதை அவர் செய்யவில்லை.

சாகுலிடம் எத்தனையோ பேர் கேட்டார்கள். "யாரோ சொன்னாங்க. அத இப்ப கெளறி என்ன ஆகப்போகுது?" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. எனக்காக அவன் யாரிடமும் சொல்லாமல் காத்த என் பெயர்தான் அவன் நினைவாக என்னிடம் இருந்தது. இதை எழுதி உங்களிடம் சொல்லிவிட்டதோடு அதுவும் என்னிடம் இல்லை.